வெற்று எடை

காலை ஆறு நாற்பதுக்கு என்னை நான் நிறுக்கிறேன்.
வாய் கொப்பளிக்குமுன், மூத்திரம் போனபின்,
கைலியும் பனியனும் மட்டும்.
காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஈப்போ ஆஸ்பத்திரி கொடுத்த கண்ணாடித் தட்டு.
அடியில் ஒட்டியிருக்கிறது என் பெயர்:
வேலாயுதம் அ/லெ சிங்காரம்.
ஏறி நின்றால் கொஞ்சம் யோசிக்கும்,
பிறகு நீல வெளிச்சத்தில் எண் எழும்.
எழுதி வைக்க வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்.
தானாகப் போய்விடும்,
துரோலாக்கில் லைன் இருந்தால்.

இல்லாத நாளில் தவமணி
போனைத் தூக்கிக்கொண்டு சாலைமுனை வரை நடப்பாள்.
ஆ சூன் கடையின் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில்
இரண்டு கோடு கிடைக்கும்.
என் எடை அங்கிருந்துதான் ஊரைவிட்டுக் கிளம்பும்.

முப்பத்தொரு வருஷம் நிறுத்துக் கொடுத்தவன் நான்.
செம்பனை ஆலையின் லோரித் தராசில்
சன்னலுக்கு உள்ளே ஒரு மின்விசிறி, நான், ரசீதுக் கட்டு.
பழத்தோடு வந்து ஏறும், மொத்த எடை.
கொட்டிவிட்டு வந்து ஏறும், வெற்று எடை.
கழித்தால் பழம்.
அவ்வளவுதான் நான் படித்த கணக்கு.
அதில்தான் இந்தத் தாமான் வீடு.

எத்தனை திருட்டு பார்த்திருப்பேன்.
குலைக்கு அடியில் கல்.
மழையே இல்லாத வாரத்தில் சொட்டச் சொட்ட நனைந்த பழம்.
வரும்போது லோரிக்குள் தூங்குகிற கெலிண்டான் பையன்
போகும்போது மரத்தடியில் நின்று சிகரெட் பிடிப்பான்.
வெற்று லோரியின் பின் டயர் மட்டும்
ஒரு சாண் மேடைக்கு வெளியே நிற்கும்.
"தம்பி, டயர் ஏறலே" என்பேன்,
தலையை நீட்டாமலே.

இப்போது நெஞ்சு சரியாக இறைப்பதில்லை.
தண்ணீர் தங்குகிறது.
கணுக்காலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது,
ஈரச் சிமெண்டில் பூனை வைத்த கால் மாதிரி.
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால்
அது சோறும் இல்லை, சதையும் இல்லை என்றார் டாக்டர்.

போன சனிக்கிழமை மருதை வீட்டுக் காதுகுத்து.
ஆட்டிறைச்சிப் பிரட்டல், அப்பளம், மாங்காய் ஊறுகாய்,
யாரும் பார்க்காதபோது இன்னும் கொஞ்சம் ஊறுகாய்.
ஞாயிறு எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது.

திங்கள் காலை தட்டின்முன் ரொம்ப நேரம் நின்றேன்.
படுக்கச் சொல்லிவிடுவார்களோ,
கையில் ஊசி குத்தி, பக்கத்துக் கட்டிலில்
ராத்திரி முழுக்க யாரோ கத்திக்கொண்டிருக்க.
கைலியை அவிழ்த்துக் கதவில் போட்டேன்.
இடது கையை மெல்லச் சுவரில் ஊன்றினேன்.
ஒரு குதிகாலைத் தட்டுக்கு வெளியே விட்டேன்.
எழுபத்தொன்று புள்ளி ஆறு.
நல்ல எண். போய்ச் சேர்ந்தது.

பத்து மணிக்குப் போன். மிசி நோராய்னி.
முகம் பார்த்ததில்லை, அவள் குரலுக்குப் பின்னால்
எப்போதும் ஒரு பிரிண்டர் ஓடும்.
"பாக்சிக், ஒரே ராத்திரியில் ஒரு கிலோ முந்நூறு போயிருக்கிறது."
நான் பேசவில்லை.
"சுவரைப் பிடித்தீர்களா?"
தலையை நீட்டாமலே கேட்டாள்.

சிரித்துவிட்டேன். சிரித்ததில் மூச்சு வாங்கியது.
அதையும் அவள் கேட்டிருப்பாள்.
மறுபடி ஏறச் சொன்னாள்.
கைலியோடு, இரண்டு காலோடு ஏறினேன்.
எழுபத்து மூன்று புள்ளி இரண்டு.
டாக்டரிடம் கேட்டுவிட்டு மாத்திரையைக் கூட்டினாள்.
அன்று ராத்திரி ஏழு தடவை எழுந்தேன்.
ஒவ்வொரு தடவையும் தவமணி விளக்கைப் போட்டாள்,
ஊறுகாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்றைக்கு நான்கு மணிக்கே விழிப்பு.
பெரிய சாலையில் லோரிகள் போகின்றன.
ஆலைக்குப் போவது எது, கொட்டிவிட்டுத் திரும்புவது எது,
காது சொல்லிவிடும் எனக்கு.
காலி லோரிதான் அதிகம் குலுங்கும்.
அசையாமல் படுத்துக் கேட்கிறேன்.
ஆறு நாற்பதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.