மடக்கிய குடை

பின்னால் எடுத்தேன்.
பெரிய சத்தமில்லை.
காலி பிஸ்கட் டின்னை யாரோ
மிதித்த மாதிரி ஒன்று.
பல்லினாவில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை,
கடையின் தள்ளுவண்டிகள்
ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் இடம்.

வெள்ளி நிற டொயோட்டா.
பின்கதவில் சாப்பாட்டுத் தட்டளவு பள்ளம்.
சொந்தக்காரர் பூனைத் தீனி மூட்டையோடு வந்தார்.
ஃபாக்ட்னா என்றார். பேசும்போதெல்லாம்
வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.
குளிர் என்று நினைத்தேன்.
இருவரும் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்,
துக்க வீட்டில் என்ன சொல்வதென்று
தெரியாதவர்களைப் போல.
"விடாது போல," என்றார், வானத்தைப் பார்த்து.
"விடாது," என்றேன்.

பட்டறைக் காத்தல்
ஒரு கண்ணை மூடி அளந்து சொன்னான்:
தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க
அறுநூற்று நாற்பது யூரோ.
ரசீது வேண்டுமென்றால் எழுநூற்று இருபது.

அன்றிரவு எரிவாயு பில்லின் முதுகில்
கணக்குப் போட்டேன்.
இன்சூரன்ஸுக்குப் போனால்
முதல் முந்நூறு என் தலையில்.
எதன் மீதும் இடிக்காமல்
ஆறு வருடம் சேர்த்த போனஸ்
ஒரே ஒரு போன் அழைப்பில் போய்விடும்.
பிரீமியம் இருநூற்றுப் பத்து கூடும்,
மறுவருடமும், அதற்கடுத்த வருடமும்.
கூட்டினால் தொள்ளாயிரத்து முப்பது.
கையிலிருந்து கொடுத்தால் அறுநூற்று நாற்பது.
கையில் இருந்தது நூற்றுப் பதினொன்று.

ஆறு வருடமாக வாங்கி வைத்திருக்கும் குடை.
மழை பெய்கிறது.
விரித்தால் நனைந்துவிடுமே என்று
மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு
நனைந்தபடி நடக்கிறேன்.
புத்திசாலித்தனம் என்றார்கள்
சலவையறையில் என்னோடு வேலை செய்பவர்கள்.
முதியோர் இல்லத்தின் படுக்கை விரிப்புகளை
நாலு முனை பிடித்து மடித்தபடி
ஆளுக்கொரு கதை சொன்னார்கள்,
எல்லாக் கதையிலும்
குடை காயாமல் போனவர்கள்தான் அழுதார்கள்.

நான்கு உறை, நான்கு மாதம்,
உறைக்கு நூற்றறுபது.
எட்டு ஞாயிறு கூடுதல் வேலை.
மோய் ஆற்றுப் பாலத்தில் வைத்துக் கொடுத்தேன்.
கீழே இடுப்பளவு தண்ணீரில்
சால்மனுக்கு நின்றிருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.
என்ன நினைத்தார்களோ.
கடைசி உறையன்று அவர்
தடுப்புச் சுவரில் வைத்து எழுதித் தந்தார்:
முழுவதும் பெற்றுக்கொண்டேன்,
நுவாலாவிடம் இனி எனக்குக் கேட்க எதுவுமில்லை.

ஜூனில் அதே கார், அதே கடை.
பள்ளம் அப்படியே இருந்தது.
விளிம்பில் துரு மெல்லிய கோடு இழுத்திருந்தது.
என் எட்டு ஞாயிறும் எங்கே என்று
வாய் வரை வந்தது.
அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.
தீனி மூட்டையைக் கீழே வைத்து,
இரண்டு கையையும் உயர்த்தி,
எதையும் மறைக்காமல் சிரித்தார்.
மேல்வரிசையில் முன்பல் இரண்டு
கொஞ்சம் அதிகமாகவே வெள்ளை.

நானும் கையசைத்தேன்.
காருக்குள் உட்கார்ந்து
கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டேன்.
மழையே இல்லை.

இன்று புதுப்பிப்புப் படிவம் வந்திருக்கிறது.
போனஸ், வருடம் ஏழு, வாழ்த்துகள்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஐந்து வருடத்தில்,
பணம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்,
விபத்து ஏதேனும்?

இரண்டு கட்டங்கள்.
பேனா மேலே நிற்கிறது.
ஊருக்கே தெரியும்படி
துருவேறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது
ஒரு சாப்பாட்டுத் தட்டு.