முட்டுக்கல்

சாலை முடிகிற இடத்தில் ஒரு கதவு,
நீலக் கயிற்றால் கட்டியது.
அவிழ்த்தோம், உள்ளே போனோம், மறுபடி கட்டினோம்.
அதற்கப்புறம் கதவே இல்லை.
கார்ன்வாலின் இந்த மூலையில்
நிலம் தன்னைத்தானே காவல் காக்கிறது
முழங்கால் சேற்றோடு.

இரண்டு மைல்.
பின்னால் இழுவைப்பெட்டியில் அரை டன் சரளை.
கிட்டோ ஓட்டினான், நான் இறங்கி இறங்கித் தள்ளினேன்.
மூடுபனி பத்தடி பத்தடியாக
வழி அளந்து கொடுத்தது,
கஞ்சன் கடன் கொடுப்பதுபோல.

முதல் கல்லை நான் கல்லென்று அறியவில்லை.
மாடென்று நினைத்து
"ஹோ, நகரு" என்றேன்.
கிட்டோ சிரித்த சிரிப்பில்
எங்கோ ஒரு வானம்பாடி பயந்து எழுந்தது.

வட்டம் என்கிறார்கள்.
அவசரத்தில் தட்டிய ரொட்டிபோல
ஒரு பக்கம் கோணியிருந்தது.
ஒப்பந்தத்தில் பத்தொன்பது கற்கள்.
நான் எண்ணினால் இருபது.
நடுவே பிளந்து கிடப்பதை
ஒன்றென்று வைப்பதா, இரண்டென்றா?
"கூலி பத்தொன்பதுக்குத்தான்"
என்றான். தீர்ந்தது வழக்கு.

ஒவ்வொரு கல்லின் காலடியிலும்
குளம்புகள் தோண்டிய அகழி,
அதில் தேநீர் நிறத்தில் தண்ணீர்.
"மாட்டுக்கு முதுகு அரிக்கும்,
இந்த மேட்டில் மரம் கிடையாது,
வேறெங்கே போய்ச் சொறியும்?"
மெல்யோர் நடந்தே வந்திருந்தாள்.
மாடுகள் அவளுடையவை.
மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை.
"நெடும்பகல் நாளன்று ஊரிலிருந்து வருகிறவர்கள்
கன்னத்தைக் கல்லில் வைத்துக் கண்மூடி நிற்பார்கள்.
என் மாடுகள் அதையே
வருஷம் முழுக்கச் செய்கின்றன."
ஃபிளாஸ்கின் மூடியில்
சூப்பு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.
பனி அவளைக் காலிலிருந்து மேலாக எடுத்துக்கொண்டது,
தொப்பி கடைசி.

வேலை பெரிதில்லை:
இறை, நிரப்பு, மிதி.
இறை, நிரப்பு, மிதி.

ஒன்பதாவது கல்
பால்பல்லாய் ஆடியது.
என்னைவிட ஒன்றரை ஆள் உயரம்,
தோளை வைத்தால் அசைகிறது.
எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

முழங்கை ஆழத்துக்குக் கீழே
எதையும் தொடக் கூடாதென்று
அலுவலகத்துக் கடிதம். கையெழுத்து என்னுடையதும்.
தகர டப்பாவால் நீரை இறைத்தேன்.
கிட்டோ வண்டிப்பக்கம் போயிருந்தான்.
கையை விட்டேன்,
முழங்கை தாண்டி, தோள் வரை.

இருட்டில் வரிசையாய்ச் சிறு கற்கள்,
பெரியதைச் சுற்றி இறுக்கியவை.
ஒன்று மட்டும் கழன்று கிடந்தது.
எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
எழுத்தில்லை, கோடில்லை, அழகில்லை.
ஒரு பக்கம் தட்டை.
யாரோ நாலைந்து கற்களைத் தூக்கிப் போட்டு
"இது சரியா இருக்கும்" என்று
பொறுக்கியெடுத்த கல்.
நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அதற்குமேல் யோசிக்கவில்லை.
தட்டைப்பக்கம் உள்ளே,
கூர்முனை கீழே,
பூட்ஸ் குதிகாலால் மூன்று உதை.
மூன்றாவதில் ஒரு சத்தம் வந்தது,
அலமாரிக் கதவு சரியாக மூடும்போது வருமே, அது.
தோளை வைத்துத் தள்ளினேன்.
கல் என்னைத் தள்ளியது.

மாலை, படிவத்தில் எழுதினேன்:
சரளை, அரை டன். வேறு பணி, இல்லை.
பேனா ஈரத்தில் கீறிக்கொண்டு போனது.

கிளம்பும்போது செம்பழுப்புப் பசு ஒன்று
வட்டத்துக்குள் வந்தது.
புதுச் சரளையை முகர்ந்தது, பிடிக்கவில்லை.
ஆனாலும் ஒன்பதாவது கல்லில்
பின்பக்கத்தைச் சாய்த்து
முழு எடையோடு தேய்க்க ஆரம்பித்தது.

"மறுபடி முதலிலிருந்தா?" என்றான் கிட்டோ.
நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பசுவுக்குத்தான் உடம்பு ஆடியது.

வண்டி திரும்புகையில்
அவன் எண்ணிப் பார்த்தான், பழக்கதோஷம்.
"பதினெட்டு" என்றான்.
பனி. நான் பதில் சொல்லவில்லை.
நீலக் கயிற்றை
இந்த முறை இரட்டை முடிச்சாகப் போட்டேன்.