சோதனைச் செய்தி

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.
மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது,
தேன்கனிக்கோட்டையில், இரண்டு நாளைக்கு.
மணமக்கள் நாற்காலியில் ரௌட்டர்.
பந்தி மேசைமேல் பதினேழு மடிக்கணினி.
ஓசூரிலிருந்து வந்தவர்களுக்கு
ராகிப்போர் எப்படியிருக்கும் என்று
படம் வரைந்து காட்டினாள் நாகவேணி.

யானையைப் பார்த்தவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால்
மற்ற எல்லோருக்கும் செய்தி போகவேண்டும்,
தமிழில், கன்னடத்தில், தெலுங்கில்.
அவ்வளவுதான் வேலை.
அதற்கு நான்
பதினோரு ஜங்ஷன் பாக்ஸ் இரவல் வாங்கி
தக்காளி சாதத்துக்கு ஆள் சொல்லி
மின்வாரிய வாசலில் மூன்று முறை நின்றேன்.

இரவு ஒன்றே காலுக்கு
இர்ஃபான் பொத்தானை அழுத்தினான்.
பொய் எண்கள் இருக்கவேண்டிய பட்டியலில்
இருந்தவை நிஜ எண்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

நொகனூர்ப் பக்கம் முதல் வெடி.
பிறகு தகர டப்பா, நாய்கள்.
மொட்டைமாடியில் நின்று பார்த்தோம்:
இல்லாத ஒரு யானைக்காக
கொல்லைக்குக் கொல்லை டார்ச் எரிந்துகொண்டே போனது.
"வேலை செய்யுது" என்றான் ஒருவன்.
யாரும் சிரிக்கவில்லை.

விடியவிடிய
ஒவ்வோர் எண்ணாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
திட்டினார்கள், மூன்று மொழியிலும்.
திம்மராயன் மட்டும் திட்டவில்லை.
பீடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது.
"சரிம்மா, அடுத்த தடவ வந்தா
எழுந்திருக்கிறதா, போர்த்திக்கிட்டுப் படுக்கிறதா?"

அதை அப்படியே
வெள்ளைப்பலகையில் எழுதிவைத்தேன்.
ஓசூர் முதல் பஸ்ஸுக்கு யாரும் கிளம்பவில்லை.
மிச்சத் தக்காளி சாதம் லேசாகப் புளித்திருந்தது,
குளிரில் அதுவும் இறங்கியது.