நாற்பத்தோரு கட்டம்

மோடெனா நூலகத்தில் எனக்குக் கிடைத்தது
முழு ஓபரா அல்ல.
வயோலாக்காரர் ஒருவர் முன்னால் வைத்து வாசித்த தாள்கள்,
ஓரமெல்லாம் மெழுகு சொட்டியவை.
மற்றதெல்லாம் போய்விட்டது:
நாயகி, அவள் குடித்த நஞ்சு, கப்பல், புயல்,
மூன்றாம் அங்கத்து மன்னிப்பு.

முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்கு எண்பது பக்கம் வேண்டும்.
என்னிடம் இருப்பதோ
ஒரே சுரத்தை உழுதுகொண்டே போகும் ஒருவரின் பிழைப்பு.
நடுநடுவே கட்டளை:
பன்னிரண்டு கட்டம் சும்மா இரு.
நாற்பத்தோரு கட்டம் சும்மா இரு.

ஒரு மணிக்கு சால்வினோ சாவிக்கொத்தைக் குலுக்குவார்.
பாதி வரியில் எழுந்து வருவேன்.

இரவு சமையலறையில்
அறைத்தோழி நீவெஸ் வயோலாவைத் தோளில் ஏற்றினாள்.
வாசித்தாள். நிறுத்தினாள்.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
ஒன்பதில் பாஸ்தா பொங்கி வழிந்தது.
இருபதில் கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள்.
முப்பத்தைந்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம்.
நாற்பத்தொன்றில் வில் எழுந்தது,
இறங்கவில்லை.
"இங்கே என்னவோ எழுதியிருக்கே."

நகலில் அழுக்கென்று நான் தாண்டிப்போன கிறுக்கல்,
மூலத்தில் சிவப்புச் சுண்ணமாக இருந்திருக்கும்:
இவள் தாமதிப்பாள். மூச்சு வாங்கட்டும்.

அந்த வருடச் சம்பளக் கணக்கில் பாடகிகளின் பெயரே இல்லை.
மெழுகுவத்திக்குக் கொடுத்தது மட்டும்
காசு சுத்தமாக இருக்கிறது.
இதை எழுதினால் வழிகாட்டி பக்கத்தில் கேட்பார்:
ஆதாரம்?

நீவெஸ் வில்லைத் தூக்கியபடியே நிற்கிறாள்.
பாஸ்தா குழைகிறது.
நாற்பத்திரண்டு, என்கிறேன்.