கடலை விற்றவர்

ஐ-யை வெட்டு என்றேன், வெட்டியது.
கடலை என்றால் கடல், இரண்டாம் வேற்றுமை.
வெல்ட் கீ அலுவலகத்தில், ஏர்கோன் குளிரில்,
பழைய பத்திரிகை நாற்பதாயிரம் பக்கத்துக்கும்
இதுதான் விதி.

நேற்று திலகேஸ்வரி எழுதியிருந்தார்:
பெரியப்பா சூலியா தெருவில் கடலை விற்றவர்,
அறுபத்தொன்றில் படம் போட்டார்களாம்,
கிடைக்குமா?

தேடினேன்.
படகு கவிழ்ந்து மூவர் பலி. புயல் எச்சரிக்கை.
கடலைப் பார்த்தபடி ஓர் அதிகாரி.
பார்த்ததற்கும் ப், பொட்டலத்துக்கும் ப்.
ஒற்று இருந்தும் துப்பு இல்லை.

சரி, வெட்டாதே;
பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்.
வறுத்த, கூம்பு, ஐந்து காசு...
விற்ற என்பதற்கு மட்டும் எடை கூட்டினேன்.

முதலில் வந்தது:
தூர்த்த கடலை மனை மனையாக விற்றவர்
விருந்து கொடுத்த செய்தி.
பிழை என்று குறிக்கப் போய்
விரலை எடுத்துக்கொண்டேன்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை
எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே பெர்ரி திரும்புகிறது.
பெரியப்பா இன்னும் வரவில்லை.
கடலை என்ற சொல்லே இல்லாத ஒரு படக்குறிப்பில்
அவர் நிற்கலாம், கூடையோடு.
இருமிக்கொண்டே தட்டுகிறேன்:
அக்கா, வீட்டில் அவரை யாராவது
கச்சாங்காரர் என்பார்களா?