நாலாவது நட்டு

மூன்று நாளில் ஐஸ் ஏற்ற வேணும் என்றார் முதலாளி.
நான் இன்னும் எஞ்சின் அறைக்குள் இறங்கவே இல்லை.
மோதரைத் துறையில் படகோடு படகாய்க் கட்டியிருந்தார்கள்;
பதினொரு மேல்தளம் தாண்டித்தான் 'சயுரி'க்குப் போகலாம்.
ஐந்தாவதில் என்னைப் பிடிக்காத ஒரு நாய்.

வரும் வழியெல்லாம் கறுப்புப் புகை,
டீசலைத் தண்ணீராய்க் குடிக்கிறது,
வலப்பக்கம் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.
ஸ்கிப்பர் துஷாந்த சிங்களத்தில் சொன்னான்.
தட்டுகிற சத்தத்தை மட்டும்
வாயால் செய்து காட்டினான்.

கண்டுபிடிக்கிற முறை லேசு.
எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு
ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும்
ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.
ஒன்றைத் தளர்த்தினேன். நொண்டியது. இறுக்கினேன்.
இரண்டு. நொண்டியது.
மூன்றுக்கு இருமி, நின்றுவிடும்போல் நடுங்கியது.
நாலைத் தளர்த்தினேன்.
டீசல் விரலில் வழிந்தது,
சத்தம் அதே சத்தம்.

இல்லாமல் போனாலும் தெரியாதது எதுவோ
அதுதான் நோயாளி.
(போன வருடம் பெரியாஸ்பத்திரியில்
பதினெட்டு நாள் கிடந்தேன்.
வேர்க்‌ஷொப் ஒரு மணித்தியாலமும் பூட்டவில்லை.
சரி, அது வேறு கதை.)

கிளாம்ப் கழன்றது, இஞ்செக்டர் வரவில்லை.
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடித்த மாதிரி
கரி பிடித்துக்கொண்டிருந்தது.
இஸ்மத் இழுவைச் சுத்தியலை மாட்டினான்.
உள்ளே போக அல்ல, வெளியே வர அடிக்கிற அடி.
அவன் எண்ணினான். இருபத்தேழில் வந்தது,
வேர்வரை கறுத்த கடைவாய்ப் பல்.

டோர்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன்.
அடியில் செப்பு வொஷர்.
வளைத்த கம்பியால் தூக்கினேன்.
அதன் கீழே இன்னொன்று.

பழசை எடுக்காமலே
புதுசை மேலே வைத்து இறுக்கியிருக்கிறான் ஒருவன்.
ஒரு மில்லிமீட்டர் சோம்பல்.
அதற்கு ஆறு பேர் நடுக்கடலில்
ஒரு மாதம் புகை தின்றிருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் அவனை ஏசினேன்.
வியர்வை துடைக்க நிமிர்ந்தபோது
வால்வு மூடியில் வெள்ளைப் பெயின்ற்:
கடைசியாய்த் திறந்த திகதி.
என் கையெழுத்து.

மின்வெட்டு மாதம் அது.
போன் வெளிச்சத்தில், அதிலும் ஒன்பது வீதம் சார்ஜில்
செய்த வேலை.
இஸ்மத்திடம் அதைச் சொல்லவில்லை.
அவனும் திகதியை வாசிக்காதவன்போல்
துணியை உதறினான்.

பஞ்சிகாவத்தையில் நொசில் இரண்டு வகை:
ஜப்பான், ஜப்பான் மாதிரி.
நாலாவதற்கு என் காசில் ஜப்பான் வாங்கினேன்.
சோதனைப் பம்பின் கைப்பிடியை அழுத்தினால்
பனிப்புகை போல் சீறவேண்டும், சொட்டக்கூடாது.
அழகாய்த்தான் இருக்கும்,
ஆனால் விரலை நீட்டிவிடாதே.
தோலைத் துளைத்து இரத்தத்துக்குள் போகும் அழகு அது.

குழியை வழித்தேன். விரலை விட்டுத் தடவினேன்.
மறுபடி தடவினேன்.
ஒரே ஒரு வொஷர்.
இஸ்மத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

குமிழி தீரும்வரை காற்றை விட்டு,
நட்டுகளை இறுக்கி, ஸ்டார்ட்.
முதலில் வெள்ளை, பிறகு சாம்பல்,
பிறகு புகைக்குழாய்க்குப் பின்னால்
துறைமுகக் கிரேன் தெளிவாய்த் தெரிந்தது.
துஷாந்த கைதட்டினான்.
நான் மறுபடி நாலாவது நட்டைத் தளர்த்தினேன்.
நொண்டியது.
அப்படி ஒரு நொண்டலை
நான் கேட்டதே இல்லை.
இறுக்க மனமில்லாமல் இறுக்கினேன்.

பில்லில் எழுதினேன்:
நாலாம் சிலிண்டர், கூலி இல்லை.
முதலாளி கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.
ஏன் என்று கேட்பார் என்று
பதில் ஒன்றைத் தொண்டைவரை கொண்டுவந்திருந்தேன்.

"மற்ற அஞ்சுக்கும்
இப்படியே போடலாமே, பாஸ்?"