பதினான்கில் ஒன்று

ஸ்க்ரூ தெரியக் கூடாது என்றார் ஏலியாம்மா டீச்சர்.
தலையை உள்ளே இறக்கி, பட்டி வைத்துத் தேய்த்து,
மேலே பாலிஷ்.
கோட்டயத்தில் அவர் அக்கா வீட்டில் அப்படித்தானாம்.

கோட்டயத்தில் குழாய் உறையாது, டீச்சர்.

இது தலையாட்டுமந்து. அதிலும் வடக்குச் சுவர்.
ஜனவரி வந்தால் புல் வெளுத்துக் கிடக்கும்,
வாசல் வாளியில் தண்ணீர்மேல்
அப்பளம் ஒன்று மிதக்கும், கண்ணாடி அப்பளம்.
அந்தச் சுவருக்குள் அரை அங்குலக் குழாய்,
இரண்டு எல்போ, ஒரு வால்வு.
அதை மூடத்தான் இந்தப் பலகை.
மூடுவது என்றால்
திறக்க முடியாமல் செய்வதா?

கேட்டேன்.
கணக்கு டீச்சர்.
வழி எழுதாமல் விடை மட்டும் எழுதியவளைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்.

சைப்ரஸ், மூன்றடிக்கு நாலரை.
துளைகள் பதினான்கு,
பலகையில் தாராளமாய், பின்சட்டத்தில் பிடிப்பாய்.
பிறகு பையைத் திறந்து கப்புகளைக் கொட்டினேன்.
பித்தளை, எட்டாம் நம்பருக்கு.
கவிழ்ந்து விழுந்தவை குட்டித் தொப்பிகள்.
நிமிர்ந்து விழுந்தவை
எண்ணெய் நிற்காத அகல்கள்.

பலகைக்கு மூக்குத்தியா என்றார்.
மூக்கில் துளை இருப்பது
எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.

கப் இல்லாமல் முறுக்கினால்
கூம்புத்தலை மரத்தைத் தின்னும்.
முதல் தடவை மயிரளவு.
கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி,
நாலாம் வருஷம் தலையே உள்ளே போய்விடும்.
கப் இருந்தால் அது தின்ன வேண்டியது பித்தளையை.
பித்தளை விட்டுக் கொடுக்காது.

கடைசியாக, ஒவ்வொரு தலையின் பிளவும்
செங்குத்தாய் நிற்கும்படி
கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.
குளியலறை. படுத்த பிளவில் நீர் தங்கும்.
யாரும் கவனிக்கப் போவதில்லை.
நான் கவனிப்பேன்,
வீட்டுக்குப் போய், விளக்கை அணைத்த பிறகு.

பதினான்காவது கப் விரலிலிருந்து நழுவியது.
தரைக்கு அவ்வளவு ஒழுங்காக வாட்டம் கொடுத்த
கொத்தனாரைப் பாராட்ட வேண்டும்.
எங்கும் நிற்காமல் நேரே வடிகாலுக்குள்.

மெயின் பஜாரில் மூன்று கடை.
ஒருவர் வாஷர் எடுத்துக் காட்டினார்.
ஒருவர், அதெல்லாம் கோயம்புத்தூரில் என்றார்.
மூன்றாமவர் டப்பாவின் அடியைத் துழாவி
ஒன்றை எடுத்தார், நிக்கல் பூசியது.
காசு வாங்கவில்லை.

கீழ் வரிசை, இடது மூலை.
பதிமூன்று மஞ்சளோடு ஒரு வெள்ளை.

டீச்சர் பலகையைப் பார்க்கவில்லை,
நான் இழைத்த விளிம்பைப் பார்க்கவில்லை,
அதை மட்டும் பார்த்தார்.
பிலோமினா, உனக்கு மரை கழண்டிருக்கிறது.
கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்,
விடியாத ஆறு மணிக்குப் போன்.
குழாய் வெடித்துவிட்டது. கரண்டும் இல்லை.
பிளம்பர் குன்னூரில்.
பையைத் தேடினேன்.

வர வேண்டாம் என்றார்.
பலகையைக் கழற்றி வால்வை அடைத்தாயிற்று.
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
எல்லாவற்றையும் முதலில் அரைச் சுற்று தளர்த்தினாராம்.
வெள்ளையில் ஆரம்பித்து வலமாகப் போனேன்,
திரும்ப வெள்ளை வந்தது,
ஒரு சுற்று முடிந்தது. எண்ணவே வேண்டாம்.

கப்பெல்லாம் பத்திரமா என்றேன்.

பதினான்கும் டவராவில் இருக்கிறது.
வடிகால்மேல் டீ வடிகட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான்
கை வைத்தேன்.

ஐம்பது ரூபாயைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.
பிறகு, போனை வைக்கப் போனவர்போல்,

திரும்ப மாட்டும்போது
பிளவெல்லாம் நின்றபடிதானே இருக்கணும்,
நீ விட்டுப் போன மாதிரி?